நிறையாத தொட்டி

பசுவந்தனை
18.09.2024

அன்பு மகன் கார்த்திகேசனுக்கு அம்மா எழுதுவது.

நான் கழிப்பறையை இடித்துவிட்டதாக உன் மாமியார் தன் மகள் தீபலட்சுமிக்குப் போன் செய்து சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இடிக்கவில்லை. பூட்டியிருக்கிறேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது. கடப்பாரையால் பெயர்த்தது தொட்டியின் மூடியை. அதையும் நான் பெயர்க்கவில்லை, லாரிக்காரர் பெயர்த்தார். எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றும் ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. அதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். இந்த ஒன்பது நாளில் மூன்று முறை அழைத்தேன். முதல் முறை சைட்டில் இருப்பதாகச் சொன்னாய். இரண்டாம் முறை நான் 'தொட்டி' என்ற சொல்லை எடுத்ததும் டவர் கிடைக்கவில்லை என்றாய். மூன்றாம் முறை தீபலட்சுமி எடுத்து, நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அப்போது மத்தியானம் மூன்று மணி. முப்பத்தோரு வருடம் இந்த ஊர்க் கிளை அஞ்சலகத்தை நடத்தியவள் நான். கடிதத்துக்கு டவர் வேண்டியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுகிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே. நான் எதை நம்பிக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்பு, கார்த்திகை மாதம், அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்து பேச்சும் போனபோது, நீ புனேயிலிருந்து பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்தாய். கொல்லைப்புறக் கழிப்பறைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று, அவர் அறையை ஒட்டியே புதிதாக ஒன்று கட்ட முடிவு செய்தாய். நான் அவரோடு கோவில்பட்டியில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தபோது கொத்தனார் சுடலைக்கண்ணு தரைக்குச் சிமெண்டு பூசிக்கொண்டிருந்தார். அந்த அடைமழையிலும் ஒரு வாரத்தில் இவ்வளவு முடித்தாயே என்று நான் பெருமைப்பட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற வெயிலம்மாளிடம் வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

நீ புறப்படுவதற்கு முந்தின நாள் அப்பாவுக்கு ஒரு தைலம் வாங்கி வரச் சொல்லி என்னைக் கோவில்பட்டிக்கு அனுப்பினாய். அந்தத் தைலம் இங்கே பஸ் நிறுத்தத்துக்கு எதிர்க் கடையிலேயே கிடைக்கும். அதைப் பிறகு தெரிந்துகொண்டபோது, பிள்ளைக்கு ஊர் மறந்துவிட்டது என்று மட்டும்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாய். இது தொட்டி, உள்ளே இரண்டு அறை. தொட்டியில் தெளிந்த தண்ணீர் மேற்கே இருக்கிற உறிஞ்சு குழிக்குப் போகும், ஆறடி ஆழம், அடியில் ஜல்லி, மேலே மணல். "அம்மா, நீங்க வச்சுக்கிடுத சுத்தத்துக்கு இது பத்து வருசமானாலும் நிறையாது" என்றாய். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பாராட்டுக்கு ஏற்ற மாதிரி நடந்துகொண்டேன். ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதையும் கழிப்பறைக்குள் விட்டதில்லை. தொட்டிக்குள் இருக்கிற நல்ல கிருமிகள் செத்துப்போகும் என்று படித்ததிலிருந்து தென்னந்துடைப்பமும் தண்ணீரும்தான். ஆடிக்கு ஆடி ஒரு வாளி சாணிப்பால் ஊற்றினேன். காற்றுக் குழாயின் தலையில் கட்டிய கொசுவலைத் துணியை வருடம் தவறாமல் மாற்றினேன். பொங்கலுக்கு வரும்போது உன் மகள் ஈரத்தாளைப் போட்டு இழுத்துவிடக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினேன். தீபலட்சுமிக்கு அது பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

தொட்டி நிறையவே இல்லை. வடக்குத் தெருவில் ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒவ்வொரு வீட்டில் தண்ணீர் எதுக்களித்து வந்தபோது, நம் வீட்டில் வாளித் தண்ணீர் ஊற்றினால் ஒரே மூச்சில் போனது. மகளிர் குழுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். இரண்டு வருடத்துக்கு முன்பு கோபாலசாமி வீட்டுத் தொட்டி தெருவில் வழிந்தபோது பஞ்சாயத்துக்கு மனு எழுதியவளும் நான்தான். எங்கள் வீட்டிலிருந்து ஒரு சொட்டு வெளியே போவதில்லை, மற்றவர்களுக்கு மட்டும் ஏன் முடியாது என்று அந்த மனுவில் எழுதியிருந்தேன். உனக்கும் போனில் வாசித்துக் காட்டினேன். நீ சிரித்தாய். நல்லா எழுதியிருக்கீங்கம்மா என்றாய்.

இந்த ஆவணியில், மழைக்கு முன்னால் எல்லாரும் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்று பஞ்சாயத்தில் மைக் வைத்துச் சொன்னார்கள். உன்னிடம் கேட்டால் எப்போதும் போல, நிறையாததை எதுக்கும்மா எடுக்கணும் என்பாய். விதி என்றால் நிறைந்ததற்கும் நிறையாததற்கும் ஒன்றுதான். நான் படித்த கான்வென்டில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார்கள். அதனால் இந்த முறை உன்னிடம் கேட்கவில்லை. முதல் வீடாக நம் வீட்டின் பெயரைக் கொடுத்தேன்.

ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு லாரி வந்தது. வந்தவர் பெயர் காளிராஜ், நாற்பது வயதிருக்கும், கையுறையும் காலணியும் போட்டு ஒழுங்காக வந்தார். தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று நான் சொல்லுமுன், யாரும் இறங்க மாட்டோம் ஆச்சி, குழாய்தான் இறங்கும் என்று அவரே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டார். ஆறு வருடமாக எடுக்கவே இல்லை, நிறையவில்லை என்றேன். எப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். அந்தக் குரலில்தான் சொன்னேன்.

அவர் என்னைப் பாராட்டவில்லை. காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தார். "ஆச்சி, இது கரிசலு. மழக்காலத்துல இது ஒரு சொட்டுக் குடிக்காது. கரிசல்ல டேங்கு நிறையலன்னா, அது வேற எங்கனயோ போவுதுன்னு அர்த்தம்" என்றார்.

ஆறு வருடம் இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அது தோன்றவில்லை பார். மழை பெய்த மறுநாள் இந்த மண்ணில் செருப்பை வைத்தால் செருப்பு திரும்பி வராது. வெள்ளம் நாள் கணக்கில் நின்று நாறும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் நம் வீட்டுக் கொல்லையில் மட்டும் அது என் ஒழுக்கத்துக்குக் கட்டுப்பட்டுத் தண்ணீர் குடிக்கிறது என்று நம்பியிருக்கிறேன்.

முதலில் உறிஞ்சு குழியின் மூடியைத் தூக்கினார். மணல் போட்ட அன்று இருந்த மாதிரியே சுத்தமாக இருந்தது. ஒரு காலிச் சிமெண்டுச் சாக்கு மடித்தபடி கிடந்தது. அதன்மேல் ஒரு தவளை. தொட்டியிலிருந்து வருகிற குழாயின் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள். தேய்த்து மழமழப்பாக்கியிருந்த பூச்சு அது. காளிராஜ் அதைக் குச்சியால் தட்டிப் பார்த்தார்.

பிறகு தொட்டியைத் திறந்து உறிஞ்சினார். தண்ணீர் இறங்க இறங்கக் கிழக்குச் சுவரில் இன்னொரு குழாய் தெரிந்தது, நான்கு அங்குலம். கிழக்கே நம் எல்லை பத்தடிதான். அதற்கு அப்பால் வெயிலம்மாளின் ஆட்டுப்பட்டியும் கிணறும்.

எனக்கு நம்ப மனமில்லை. அது பழைய குழாயாக இருக்கும் என்று வாதாடினேன். வாதம் வேண்டாம், பார்த்துவிடலாம் என்று அவர் என்னிடம் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் கேட்டார். நான்தான் உள்ளே போய் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் குழாய்க்குள் அரைப் பாட்டில் நீலத்தை ஊற்றி, இரண்டு குடம் தண்ணீரும் விட்டார். பொய் என்று நிரூபணமாகும் என்று நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வெயிலம்மாளின் குரல் கேட்டது.

"போஸ்டம்மா, இங்கன வந்து பாருங்க. கிணத்துல எவனோ நீலத்தக் கொட்டிருக்கான்."

அவளுடைய கிணற்றைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அது பங்குனியில் வற்றிவிடுகிற கிணறு. நீ கழிப்பறை கட்டிப் போன அடுத்த சித்திரையில் அதில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. குடிக்கிற தண்ணீர்தான் தெருக்குழாயில் வருகிறதே. இந்தத் தண்ணீரை ஆடுகளுக்கும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொண்டாள். இறந்துபோன புருஷன்தான் ஊற்றைத் திறந்துவிட்டான் என்று சொன்னாள். சித்திரைக்குச் சித்திரை கிணற்றடியில் பொங்கல் வைத்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பாவது சேர்க்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தாள். பானை இறக்கியதும் முதல் கிண்ணம் நம் வீட்டுக்குத்தான் வரும். வெல்லம் தூக்கலாக இருக்கும். ஆறு வருடமும் சாப்பிட்டேன்.

மூன்று ஈத்துக்கு முன்பு அவளுடைய குட்டிகள் கழிச்சலில் வரிசையாகச் செத்தன. பதினோரு குட்டிகள். நான் சுவர் ஓரம் நின்று அவளுக்குச் சுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். பட்டியைக் கூட்டுவதில்லை, சுண்ணாம்பு தூவுவதில்லை, உன் அழுக்குத்தான் உன் குட்டிகளைக் கொன்றது என்றேன். மறுநாள் அவள் சுண்ணாம்பு வாங்கித் தூவினாள். இப்போது நினைத்தால் என் நாக்கை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நீலத் தண்ணீரைப் பார்த்த அன்றே, காளிராஜ் பக்கத்தில் இருக்கும்போதே அவளிடம் சொன்னேன். நான் அவள் காலில் விழுந்தேன் என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. விழவில்லை. குனிந்தேன், அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். எனக்குத் தெரியாது வெயிலு, என் பிள்ளை செய்தது, எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்று சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கிணற்றையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க வீட்டுல ஒரு செம்பு இடம் மாறுனாக்கூட உங்களுக்குத் தெரியுமே போஸ்டம்மா. இது மட்டுமா தெரியாமப் போச்சு?"

ஊரெல்லாம் இதைத்தான் கேட்கிறது. கோபாலசாமி என்னைக் கடைத்தெருவில் நிறுத்தி, நாலு பேர் கேட்க, "எங்க வீட்டுது தெருவுலதான் ஓடுச்சு, எல்லாரும் பாத்தாவ. உங்க வீட்டுது மரியாதயா மண்ணுக்கு அடியில போயிருக்கு" என்றார். மனு எழுதியவளுக்கு அது வேண்டியதுதான் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

காளிராஜ் குழாயின் இரண்டு வாயையும், நம் தொட்டிக்குள் இருந்ததையும் அவள் கிணற்றுச் சுவரில் செடிக்குள் மறைந்திருந்ததையும், அடைத்துவிட்டுப் போனார். கழிவை நகராட்சி சொன்ன இடத்தில்தான் கொட்டினேன் என்று அவராகவே போன் செய்து தெரிவித்தார். இந்த மண்ணுக்கு வெறும் குழி ஆகாது, தரைக்கு மேலே மேடு கட்டி, மணல் போட்டு, கல்வாழை நட்டு, தண்ணீரை அதில் விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன். அதுவரை நான் பெண்களுக்கான பொதுக் கழிப்பறைக்குப் போகிறேன். என் வாளியோடு, என் கால்களால் நடந்து போகிறேன். இதைத்தான் புத்தி தடுமாற்றம் என்கிறார்கள்.

வெயிலம்மாளின் கிணற்றை இறைத்துப் பிளீச்சிங் போட ஆள் பேசினேன். அதை மட்டும் சம்மதித்தாள். ஆடுகளுக்குத் தெருக்குழாயில் அவளே தண்ணீர் பிடித்துச் சுமக்கிறாள். நம் வீட்டுக் குழாயில் பிடித்துக்கொள் என்றேன். கேட்காதது போலப் போய்விட்டாள். முந்தாநாள் அவளுக்கு முதியோர் உதவித்தொகை பற்றி ஒரு தபால் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நாற்பது வருடமாக அவளுக்கு வந்த ஒவ்வொரு தபாலையும் நான்தான் படித்துச் சொல்லியிருக்கிறேன். நான் படித்ததுதான் கடிதத்தில் இருந்தது என்று அவள் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. முந்தாநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நம் வாசலைக் கடந்துபோய், கோபாலசாமியிடம் படிக்கக் கொடுத்தாள்.

இனி அப்பாவைப் பற்றி எழுத வேண்டும்.

சனிக்கிழமை நான் சுடலைக்கண்ணு வீட்டுக்குப் போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது, வேலைக்குப் போவதில்லை. முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். மழையில் உறிஞ்சு குழி நிறைந்து, கழிப்பறைக்கே தண்ணீர் ஏறியது. மேடு கட்டி மணல் போட்டுச் செய்ய வேண்டும், பதினைந்து நாள் பிடிக்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். உன் விடுப்பு முடிகிறது. பக்கத்துக் கிணற்றுக்குள் குழாயை விடுங்கள், அது பாழுங்கிணறுதானே, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்று நீ சொன்னாயாம். மத்தியானம் வெயிலம்மாள் ஆடு மேய்க்கப் போயிருந்தாள். நான் தைலம் வாங்கப் போயிருந்தேன்.

"அண்ணாச்சி மட்டும் கட்டில்ல கெடந்து சன்னல் வழியா பாத்துக்கிட்டு இருந்தாவ மதினி" என்றார். "எடது கைய ஆட்டி ஆட்டி வேண்டாம்னாவ. தம்பி எந்திரிச்சுப் போயி சன்னலச் சாத்துனாவ."

கார்த்தி, அந்த வாரத்திலிருந்து அப்பா ஓயாமல் இடது கையைத் தூக்கிக் கிழக்குச் சன்னலைக் காட்டுவார். "கி, கி" என்பார். நான் தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவருவேன். டம்ளரைத் தட்டிவிடுவார். நோயில் பிடிவாதம் வந்துவிட்டது என்று கடிந்துகொள்வேன். அந்தச் சித்திரையில் வெயிலம்மாள் கொண்டுவந்த முதல் பொங்கலை அவருக்கு ஊட்டப் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமிக்குப் படைத்ததைத் தட்டக் கூடாது என்று சொல்லி, நான்தான் தாடையைப் பிடித்து ஒரு கரண்டி ஊட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இனிப்பு தொண்டையில் அடைத்துவிட்டது என்று நினைத்து முதுகைத் தடவிவிட்டேன். ஆடியில் போய்விட்டார்.

நீ செய்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. விழுந்து கிடக்கிற தகப்பனுக்காக அவசரத்தில் செய்தாய். அந்தப் பன்னிரண்டு நாளை நான் மன்னித்துவிடுவேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தது. நூறு ஞாயிற்றுக்கிழமை போனில் தொட்டியைப் பற்றி நான் பெருமை பேசியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வாய் திறந்திருக்கலாம். கோபாலசாமி மீது மனு எழுதியபோதாவது நிறுத்தியிருக்கலாம். என்னைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

தீபாவளிக்கு வருவதாக இருந்தால் வா. பிள்ளைகளுக்குப் பருத்தித் துணி எடுத்து வைத்திருக்கிறேன். மழை இன்னும் இறங்கவில்லை. நம் புஞ்சையில் உளுந்துக்குப் புழுதி ஓட்டியாகிவிட்டது. தீபலட்சுமியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் எல்லாரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். ஆனால் உனக்கு முன்னால் உன் கடிதம் இங்கே வர வேண்டும்.

செய்தது நீ, எனக்குத் தெரியாது என்பதை வெயிலம்மாளுக்கு எழுது. என் பெயருக்கு அனுப்பினால் போதும், உறையைப் பிரிக்காமல் அவளிடம் கொடுப்பேன். நான் படித்துச் சொன்னால் இனி நம்ப மாட்டாள். அவள் பேத்தி பாண்டிச்செல்வி பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், அவள் படிக்கட்டும். ல, ள பிழைகளோடு இருந்தாலும் பரவாயில்லை. உன் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

இன்னொரு தாளில் எனக்கு ஒரு வரி எழுது. சன்னலைச் சாத்தப் போனபோது அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பாய். அவர் சொல்ல வந்தது இதுதான் என்று உனக்கு அன்றே தெரியுமா? ஆம், இல்லை, எதுவானாலும் சரி. என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன்.

போன் செய்யாதே. எழுதி அனுப்பு.

உன் அம்மா,
பூ. ஜானகியம்மாள்